சம்பளத் தாளும் குடும்பக் கணக்கும்

(ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றின் சமூக மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பெற்ற உரை)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டிப் பாலெடுத்து, நிறுவைக் கொட்டகையில் காத்திருந்து திரும்பிய களைப்போடு நீங்கள் இம்மாலை இங்கு வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். ஆகையால் அலங்காரப் பேச்சுப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. இன்று நாம் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை இங்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கு என் நன்றி.

நம் தோட்டங்களிலுள்ள இளைஞர்கள் பலருக்கு இன்று வெளிநாட்டு வேலைக்கு அழைப்பு வருகிறது. ஜொகூரைப் பொறுத்த வரையில் வெளிநாடு என்றாலே பெரும்பாலும் சிங்கப்பூர்தான். 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பெற்ற ஜொகூர் பாலத்தைக் கடந்து நம்மவர்கள் வேலைக்குப் போவது புதிய செய்தியன்று. 1973ஆம் ஆண்டு மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாக மாற்றப்பட்டன. அங்கே சம்பாதித்த பத்து வெள்ளி இங்கேயும் பத்து வெள்ளியாகவே இருந்தது. அந்த ஏற்பாடு முடிவுற்ற பின்னர் இரு நாணயங்களும் தத்தம் வழியே சென்றன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இந்த 'மூன்று மடங்கு' என்ற சொல்தான் இளங்குடும்பங்களின் நெஞ்சில் ஆசையை மூட்டுகிறது. ஆசைப்படுவது குற்றமன்று, நான் 'போகாதீர்கள்' என்று சொல்லவும் வரவில்லை. போய்ச் சம்பாதித்துத் திரும்பி, சொந்த வீடு வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். போய்ச் சில மாதங்களில் கடனோடு திரும்பி, இருந்த தோட்ட வீட்டையும் இழந்து நின்றவர்களையும் அறிவேன். இரு சாராருக்கும் கிடைத்த சம்பளத்தில் பெரிய வேறுபாடு ஒன்றுமில்லை. புறப்படுமுன் ஒருவர் கணக்குப் பார்த்தார்; மற்றவர் பார்க்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் இளந்தம்பதியர் என்னைக் காண வந்தனர். கணவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். இருவருமே பால்மரத் தொழிலாளர்கள். இரண்டு பிள்ளைகள், மூத்தது அடுத்த ஆண்டு பாலர் பள்ளிக்குப் போக வேண்டும். தம்பியின் கையில் ஒரு தாள் இருந்தது. முகவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. அதில் ஒரே ஒரு வரிதான்: சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை, மாதம் 1,800 சிங்கப்பூர் வெள்ளி. 'ஐயா, மூன்றே கால் போட்டாலும் ஆறாயிரம் ரிங்கிட்டை நெருங்குகிறதே. இங்கே நான் 1,700தானே எடுக்கிறேன்' என்றார் அவர்.

அவருடைய மனைவி அதுவரை ஒன்றும் பேசவில்லை. இளைய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: 'இவர் பெயர் வெட்டுப் போய்விட்டால், வீடு யார் பெயரில் இருக்கும், ஐயா?'

அன்பர்களே, அன்று நாங்கள் மூவரும் போட்ட கணக்கில் முதற்புள்ளி அந்தக் கேள்விதான். ஆயினும் அதைச் சற்றுப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்த 1,800 வெள்ளியைப் பிரித்துப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டுக்கு முதலாளி விண்ணப்பித்து ஒப்புதல் கிடைத்ததும், கொள்கையளவில் ஒப்புதல் கடிதம் என ஒன்று வெளியாகும். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு, பிடித்தங்கள் எவ்வளவு என்பவை தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். தொழிலாளி புறப்படுமுன் அதன் படி அவர் கைக்கு வர வேண்டும். முகவரின் தாள் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அது பேச்சு. அந்தக் கடிதம்தான் எழுத்து. 'அதைக் கேட்டு வாங்கி வாருங்கள், தம்பி' என்று அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தது. அடிப்படைச் சம்பளம் 1,200 வெள்ளி என்றிருந்தது. மீதி 600 வெள்ளி எங்கே என்று கேட்டதற்கு, 'அது மிகைநேர வேலையில் வரும்' என்று முகவர் விடையிறுத்தார்.

மிகைநேர வேலை வரலாம், வராமலும் போகலாம். 1,200 வெள்ளி அடிப்படையில் ஒரு மணி நேரக் கூலி, வாரம் 44 மணி என்ற கணக்கில், ஏறத்தாழ ஆறு வெள்ளி முப்பது காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு எனில் ஒன்பது வெள்ளி நாற்பத்தைந்து காசு. 600 வெள்ளி சேர வேண்டுமானால் மாதம் அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டம் பொதுவாக மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் மிகைநேரம் கொடுக்க இடந்தருவதில்லை. ஆகவே அந்த முகவர் சொன்ன 1,800 என்பது ஏறக்குறைய உச்சவரம்பு. சம்பளத்தின் கூரையைக் காட்டி, அதுதான் தரை என்று சொல்லிவிட்டார். தொழிற்சாலைக்கு வேலை குறைந்த மாதத்தில் அந்தத் தம்பி கையில் வாங்குவது 1,200 மட்டுமே.

இனிச் செலவு. அவரே தம் நண்பர்களிடம் விசாரித்து எழுதி வந்த புள்ளிகள் இவை: பலரோடு பகிர்ந்துகொள்ளும் அறையில் ஒரு படுக்கைக்கு 400 வெள்ளி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளி வீதம் சாப்பாட்டுக்கு 360, பேருந்து, இரயிலுக்கு 100, தொலைபேசிக்கு 20, மாதம் இருமுறை வீட்டுக்கு வந்து போக 40. ஆகக் கூடி 920 வெள்ளி. இதில் காய்ச்சலுக்கு மருந்தில்லை, தீபாவளிக்குச் சட்டையில்லை. இருக்கட்டும், சிக்கனமான பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம்.

மிகைநேரம் முழுவதும் கிடைக்கும் மாதத்தில் மிஞ்சுவது 880 வெள்ளி. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் இருபது காசு என்று வைத்தால் 2,816 ரிங்கிட். மிகைநேரமே கிடைக்காத மாதத்தில் மிஞ்சுவது 280 வெள்ளி, அதாவது 896 ரிங்கிட். கரும்பலகையில் இவ்விரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வேலை, ஒரே முதலாளி, ஒரே ஆள்.

ஏன் மூன்று ரிங்கிட் இருபது காசு என்று போட்டேன் என நீங்கள் கேட்கலாம். 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேலும் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அது மூன்று ரிங்கிட் இருபது காசு அளவுக்கு இறங்கியது. 880 வெள்ளி அனுப்பும் குடும்பத்துக்கு இந்த இறக்கத்தால் மாதம் 264 ரிங்கிட் குறைந்துவிடும். ரிங்கிட் வலுப்பெறுவது நாட்டுக்கு நல்லது. ஆனால் அங்கிருந்து பணம் அனுப்புகிறவருக்கு அன்றைக்குச் சம்பளக் குறைப்பு. நாணய மாற்றைக் குறைவாக வைத்தே கணக்கிடுங்கள். கூடுதலாகக் கிடைத்தால் உண்டியலில் போடலாம்.

இப்பொழுது இந்தப் பக்கம் வருவோம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. தம்பி எடுத்ததும் அதுவே. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 187 ரிங்கிட். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்து ஏறத்தாழ 12 ரிங்கிட். கையில் வருவது 1,500. அதில் அவருடைய சொந்தச் சாப்பாடு, சில்லறைச் செலவு ஆகியவற்றுக்கு 400 என்று மனைவி சொன்னார். (கணவர் 300 என்றார். இவ்விடத்தில் நான் மனைவியின் கணக்கையே எடுத்துக்கொண்டேன்.) ஆகவே குடும்பத்துக்கு மிஞ்சுவது 1,100 ரிங்கிட்.

அப்படியானால் 2,816க்கும் 1,100க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இலாபமா? இல்லை. இங்கே முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட், சேமநிதியில் கட்டுகிறார். தொழிலாளியின் 187ஐயும் சேர்த்தால் மாதம் 408 ரிங்கிட் அவர் பெயரில் ஏறுகிறது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதிச் சீட்டில் போகும் நம்மவருக்கு முதலாளியின் பங்கும் இல்லை. கட்டாயச் சேமிப்பும் இல்லை. மாதம் 408 என்றால் ஐந்து ஆண்டில் 24,480 ரிங்கிட், இலாப ஈவைச் சேர்க்காமலே. 2024ஆம் ஆண்டுக்கு ஊழியர் சேமநிதி வாரியம் 6.30 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தது. எந்த ஆண்டாயினும் சாதாரணக் கணக்குக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொடுக்கச் சட்டம் கட்டளையிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பணம் ஆகையால் இளைஞர்கள் இதைப் பணமாகவே எண்ணுவதில்லை. ஐம்பத்தைந்து வயதைக் கடந்து இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்வார்கள் அது பணமா இல்லையா என்று.

ஆகவே போகிறவர் மாதந்தோறும் 408 ரிங்கிட்டைத் தாமே சேமநிதியில் கட்டிவர வேண்டும். சுயவிருப்பச் சந்தாவாகக் கட்டுவதற்கு வாரியத்தில் வழியுண்டு. அதைக் கழித்த பிறகு, முழு மிகைநேரம் கிடைக்கும் மாதத்தில் அவருடைய குடும்பத்துக்கு 2,408 ரிங்கிட் வரும். இங்கிருந்ததைவிட 1,308 ரிங்கிட் கூடுதல். பாதி மிகைநேரமே கிடைத்தால் கூடுதல் 348. சிறிதும் கிடைக்காவிட்டால் 612 ரிங்கிட் குறைவு, தோட்டத்திலேயே இருந்திருக்கலாம்.

1,308 என்பது சிறு தொகையன்று. ஓராண்டு முழுவதும் அப்படியே மிஞ்சினால் பதினைந்தாயிரத்துக்கு மேல். வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். ஆனால் இந்த 1,308 ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. அந்த நிபந்தனையைத்தான் அந்தத் தங்கை முதலிலேயே கேட்டுவிட்டார்.

தோட்ட வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்பதே தோட்டங்களின் பொது வழக்கம். நாம் வாடகை கொடுப்பதில்லை. ஆகையால் அதற்கு விலையே இல்லை என்பதுபோல் எண்ணிவிடுகிறோம். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு வெட்டுக்குப் போகிறோம். அதற்கும் விலை போடுவதில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு முருங்கை, நாலு வெண்டைச் செடி, இரண்டு கோழி. நடந்து போகும் தூரத்தில் தமிழ்ப்பள்ளி. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாழிகை பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். சம்பளத் தாளில் இவற்றுள் எதுவும் இராது. வெளியே போனால் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அக்குடும்பம் பட்டணத்தில் 600 ரிங்கிட் வாடகைக்கு ஒரு வீட்டுக்குக் குடிபோனால் என்ன ஆகும்? பட்டணத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் மனைவி வேலையை விட்டால், அவருடைய 1,500 ரிங்கிட்டும் நிற்கும். வாடகையோடு சேர்த்து 2,100. கணவர் கூடுதலாக அனுப்பும் 1,308ஐ இதில் கழித்தால் மாதம் 792 ரிங்கிட் பற்றாக்குறை. சம்பளம் மூன்று மடங்கு; குடும்பமோ முன்னைவிட ஏழை. இது மாயமந்திரமன்று, வெறும் கூட்டல் கழித்தல். மனைவியும் தோட்டத்துத் தொழிலாளியாக இருந்து, வீடு அவர் பெயருக்கு மாற்றப்பட்டு, அவர் தொடர்ந்து வேலை செய்தால் மட்டுமே அந்த 1,308 உண்மையாகும். ஆகவே கணவர் பதவி விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்னர், வீடு மனைவியின் பெயருக்கு மாறும் என்பதைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் பெற்றுவிட வேண்டும். கிராணி வாயால் சொன்னார் என்பது போதாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த ஆண்டு அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகலாம்.

குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். சாதாரண வேலை அனுமதிச் சீட்டில் மனைவி மக்களைச் சார்ந்தோராக அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கு மேல்நிலையிலுள்ள அனுமதிகளில் அதற்கு வழியுண்டு. ஆனால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பொறியியல் படித்தோருக்கு அது எட்டலாம். அவர்களுடைய கணக்கே வேறு. அதை இன்று பேச நேரமில்லை.

இங்கிருந்தே நாள்தோறும் போய் வந்தால் என்ன? மலேசியருக்கு அது இயலும். பலர் அப்படித்தான் செய்கின்றனர். படுக்கைக் காசு 400 மிஞ்சும். ஆனால் இருபுறமும் சேர்த்து மூன்று நான்கு மணி நேரம் சாலையிலும் குடிநுழைவுச் சாவடியிலும் கழியும். மிகைநேர வேலைக்கு உடலில் தெம்பு இராது. மிகைநேரம் இல்லையேல் அந்த 600 இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, மோட்டார் சைக்கிளில் விடியற்காலை இருட்டில் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சொக்சோ சந்தா கட்டும் தொழிலாளி வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளானால், அதை வேலை விபத்தாகச் சொக்சோ ஏற்றுக்கொள்கிறது. சிங்கப்பூரின் வேலைக்காயச் சட்டமோ, சொந்த வாகனத்தில் வேலைக்குப் போய்வரும்போது நேரும் விபத்துக்குப் பொதுவாக ஈடு கொடுப்பதில்லை. வேலையிடத்தில் நேர்ந்தால்தான் கொடுக்கும். ஆக, பயணத்தின் ஆபத்து கூடுகிறது. பயணத்துக்கான காப்போ குறைகிறது.

சொக்சோவைப் பற்றி மேலும் ஒரு சொல். உடல் இயலாமை ஓய்வூதியத்துக்கு முழுத் தகுதி பெறும் வழிகளுள் ஒன்று, முந்திய 40 மாதங்களுள் குறைந்தது 24 மாதங்களாவது சந்தா கட்டியிருப்பது. தொழிலாளி இறந்துபட்டால் மனைவி மக்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் சந்தாத் தகுதியைப் பொறுத்ததே. அக்கரைக்குப் போனவருக்குச் சந்தா நின்றுவிடுகிறது. பதினாறு மாதம் தாண்டினால் இந்த வழி அடைபடத் தொடங்கும். வேறு வழியில் தகுதி இருக்கிறதா, தொடர்ந்து கட்டுவதற்கு ஏதேனும் திட்டம் உண்டா என்பவற்றைப் போகுமுன் சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டறிய வேண்டும். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. நோயைப் பொறுத்தமட்டில், சிங்கப்பூர் முதலாளி வேலை அனுமதிச் சீட்டுக்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு அது உதவும்.

வரியைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். ஆண்டு முழுவதும் வேலை செய்பவருக்கு அஞ்சத் தேவையில்லை. மாதம் 1,800 வாங்குபவருக்குக் கழிவுகள் போக ஆண்டுக்குப் பன்னிரண்டு வெள்ளி அளவில்தான் வரி வரும். ஆனால் ஆறு மாதம் நிறைவதற்குள், அதாவது 183 நாளுக்குக் குறைவாக வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால், வரிவாசியல்லாதவர் என்று கருதப்பட்டு 15 விழுக்காடு வரி விழக்கூடும். ஐந்து மாதத்தில் 9,000 வெள்ளி சம்பாதித்தவருக்கு 1,350 வெள்ளி! வேலையை விட்டுப் புறப்படும்போது வரிக்கணக்குத் தீரும் வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். 'பிடிக்காவிட்டால் நாலு மாதத்தில் திரும்பிவிடுவேன்' என்று சொல்பவர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அனுமதிச் சீட்டு ஒரு முதலாளிக்கே உரியது என்பதையும் நினைவிற்கொள்க. அவர் அதை நீக்கினால், தொழிலாளி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

இனி முகவர் பணம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கங்காணி கொடுத்த முன்பணம்தான் பலருடைய முதற்கடன். கப்பலேறுமுன்பே கடனாளியாகி, அந்தக் கடனைத் தீர்ப்பதிலேயே ஆண்டுகளைக் கழித்தவர் பலர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. கங்காணி முறையும் மறைந்தது. ஆனால் கடனோடு தொடங்கும் பயணம் மட்டும் இன்னும் மறையவில்லை. அந்தத் தம்பியிடம் முகவர் கேட்டது 6,000 ரிங்கிட். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் வீதம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 6,000 ரிங்கிட் என்பது 1,800க்கே மேல். அடிப்படை 1,200 எனில் எங்கே போய் நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதும் சட்டவிரோதம். நம் நாட்டிலும் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. உரிம எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் மேலும் பேச ஒன்றுமில்லை.

அந்த 6,000ஐ எங்கே புரட்டுவது? உரிமம் பெற்ற வட்டிக்கடையில் அடமானமின்றி வாங்கினால் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடந்தராது. மாதம் 90 ரிங்கிட். உரிமமற்ற வட்டி முதலையிடம் மாதம் பத்து விழுக்காட்டுக்கு வாங்கினால் வட்டி மட்டும் 600 ரிங்கிட். நல்ல மாதத்துக் கூடுதலான 1,308இல் பாதியை அது விழுங்கிவிடும். பாதி மிகைநேரம் கிடைக்கும் மாதத்தில் வட்டி கட்டவே 252 ரிங்கிட் குறையும். கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்போருக்கும் ஒரு வார்த்தை: 1971ஆம் ஆண்டிலேயே கூட்டு நடத்துவது சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. பணம் போனால் காவல் நிலையத்தில் முறையிடுவதற்கும் நா எழாது.

முகவர் பணம் போக, முதல் மாதத்துக்கும் கைக்காசு வேண்டும். சம்பளம் மாதம் முடிந்த பின்தான் வரும். முதல் மாதச் செலவு 920, படுக்கைக்கு வைப்புத்தொகை 400, ஆக 1,320 வெள்ளி. நம் பணத்தில் நான்காயிரத்து இருநூறுக்கு மேல். இது சேமிப்பில் இல்லையென்றால் இன்னும் சில மாதம் பொறுத்திருந்து சேர்த்த பின் போவதே தக்கது.

சிங்கப்பூரல்லாத தொலைதூர நாடுகளுக்கும் இன்று அழைப்பு வருகிறது. கணினியில் தட்டச்சு வேலை, தங்குமிடம், விமான டிக்கெட் எல்லாம் இலவசம், படிப்பே வேண்டாம் என்று கைத்தொலைபேசியில் செய்தி வரும். 2021, 2022ஆம் ஆண்டுகளிலிருந்து இத்தகைய அழைப்பை நம்பிக் கம்போடியா, மியன்மார், லாவோஸ் நாடுகளுக்குச் சென்று மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட மலேசியர் பலர். அரசாங்கம் தலையிட்டு மீட்டுக் கொணர வேண்டியதாயிற்று. சுற்றுப்பயண அனுமதியில் போய் வேலை செய் என்று எவர் சொன்னாலும், அந்த அழைப்புக்குக் கணக்கே போட வேண்டாம். கிழித்துப் போடலாம்.

அந்தத் தம்பதியர் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். முதல் முகவரின் வேலையை அவர்கள் ஏற்கவில்லை. கணவருக்கு வருத்தந்தான், ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஐந்து மாதம் கழித்து, நண்பர் ஒருவர் வழியாக முகவரின்றி வேறொரு தொழிற்சாலையில் நேரே விண்ணப்பித்தார். அங்கே அடிப்படைச் சம்பளமே 1,650 வெள்ளி. மிகைநேரம் வந்தால் அதற்கு மேல். இந்த முறை கடிதம் கைக்கு வந்த பிறகுதான் என்னிடம் வந்தார். 1,650இல் 920 போனால் 730. மூன்று இருபது வீதம் 2,336 ரிங்கிட். சேமநிதிக்கு 408 கழித்தால் 1,928. மிகைநேரம் ஒரு மணி கூட இல்லாத மாதத்திலும் இங்கிருந்ததைவிட 828 ரிங்கிட் கூடுதல். தங்கை தோட்ட அலுவலகத்துக்குப் போய், வீட்டைத் தம் பெயருக்கு மாற்றிய கடிதத்தை வாங்கி வந்தார். அதன் பிறகே கணவர் பதவி விலகினார். இரண்டு ஆண்டு என்று இருவரும் தவணை வைத்திருக்கிறார்கள். சேமநிதிச் சந்தாவை மாதந்தோறும் கட்டுவது மனைவியின் பொறுப்பு; இரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். மூத்த பிள்ளைதான் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் பேருந்து நிறுத்தம் வரை தகப்பனாரோடு நடந்துபோய் அழுகிறதாம். அதற்கு எந்தப் பத்தியில் எண் எழுதுவது என்று அத்தங்கை என்னைக் கேட்டார். என்னிடம் விடையில்லை.

மணி எட்டாகப் போகிறது. நாளை உங்களுக்கு வெட்டு நாள். கணக்குத் தாள் ஒன்றைத் தமிழில் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். எண்கள் எழுதுவதற்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று குடும்பத்துக்கு இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனியே நிரப்பிப் பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். சேமநிதி, சொக்சோ அறிக்கைகளை எப்படிப் படிப்பது என்று அறிய விரும்புவோர் அவற்றை எடுத்துக்கொண்டு மேசைக்கு வரலாம். கேள்விகள் இருப்பின் இப்பொழுது கேளுங்கள். தாய்மார்கள் முதலில் கேட்கட்டும்.